மூன்றாம் கட்டிடத்தின் நான்காவது உறுப்பினர்

எங்கள் துறையின் ஓய்வுபெற்றோர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. "தங்கள் பணிக்கால அனுபவத்தை இளையவர்களுக்குப் பயன்படும் வகையில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல்" எழுதித் தரும்படி கடிதம் வந்தது. முப்பத்திரண்டு வருட வேலைக்கு இரண்டு பக்கம். வருடத்துக்கு இரண்டு வரி தேறும்போல.

இப்போது அங்கே ஊழியர் மன்றத் தேர்தலைக் கணினியில் நடத்துகிறார்களாம். பட்டனைத் தட்டினால் அரை நிமிடத்தில் முடிவு வந்துவிடுகிறதாம். இதைத் தொலைபேசியில் சொன்ன அதிகாரி, "உங்க காலத்துல எப்படி மேடம், கையாலயா எண்ணினீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை, காலால் எண்ணினோம் என்று வாய்வரை வந்தது. மலரில் பெயர் வர வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

என் பெயர் எஸ்தர். நாசரேத் பக்கத்துக்காரி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய சான்றிதழையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு வந்தபோது ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறு மாதத்தில் அச்சா, ஜல்தி, கல் ஆனா என்ற மூன்றைக் கற்றுக்கொண்டேன். இவற்றை வைத்துக்கொண்டே மத்திய சர்க்காரை நடத்திவிடலாம் என்பதும் புரிந்தது. 'கல் ஆனா' என்றால் நாளைக்கு வா. கல்யாணமாகி, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, இரண்டு பிள்ளைகளையும் ஹிந்தியில் திட்டப் பழகிய பிறகு, துறையின் தேர்தல் பிரிவில் என்னைப் போட்டார்கள்.

தேர்தல் பிரிவு என்றதும் நாட்டின் தலையெழுத்தை நிர்ணயித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வேலை ஊழியர் மன்றத்துக்கு ஆள் எடுப்பது. மன்றம் என்பது நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் ஊழியர் பிரதிநிதிகளின் சபை. கேன்டீன் டீயில் பால் எவ்வளவு, எந்த அறைக்குக் கூலர், யாருக்குக் கையுள்ள நாற்காலி, யாருக்குக் கையில்லாதது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். நாட்டைப் பாராளுமன்றம் ஆண்டது, எங்கள் தலைக்கு மேலே சுற்றிய விசிறியை மன்றம் ஆண்டது. விசிறிக்குத்தான் சண்டை அதிகம்.

நிஜத் தேர்தல் வந்தாலும் அனுபவசாலி என்று எங்களைத்தான் வாக்குச்சாவடிக்கு அனுப்புவார்கள். அதனால் நான் வேலையில் இருந்தவரை எந்தப் பொதுத்தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. தபால் ஓட்டு என்று ஒன்று உண்டு. அது ஒவ்வொரு முறையும் முடிவு வந்த பிறகே என் கைக்குக் கிடைத்தது.

எங்கள் பிரிவின் அதிகாரி பக்ஷி சாகேப். லாகூரிலிருந்து பிரிவினையின்போது வந்தவர். நான் அவரிடம் வேலை பார்த்த ஒன்பது வருடமும் குளிர்காலத்தில் ஒரே பழுப்புக் கோட்டுதான். மேஜையில் சீவிய பென்சில் நான்கு இருக்கும், ஐந்தாவதை அனுமதிக்க மாட்டார். வாக்குச்சீட்டை இரண்டு விரலால் மூலையைப் பிடித்து, சூடான அப்பளத்தை எடுப்பதுபோல் எடுப்பார். ஒருமுறை படித்து, திருப்பிப் பார்த்து, மறுபடி படித்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். நானும் அதேபோல் இரண்டு முறை படிக்க வேண்டும். அவர் "நல்ல கேள்வி" என்றால் பதில் இல்லை என்று பொருள். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "மிஸ் எஸ்தர், தயவுசெய்து" என்று ஆரம்பித்தால் நம் வேலை போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகும் அவருக்கு நான் மிஸ்தான்.

அவசரநிலை வந்தபோது மன்றத் தேர்தலை நிறுத்திவைத்தார்கள். எங்கள் பிரிவுக்கு ஒரு துரும்பு வேலை கிடையாது. ஆனாலும் காலையில் ஐந்து நிமிடம் தாமதித்தால் சம்பளம் பிடிபடும். சரியான நேரத்துக்கு வந்து எதுவும் செய்யாமலிருக்க அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டோம். பக்ஷி சாகேப் மட்டும் சும்மா இருக்கவில்லை. பழைய தேர்தல் முடிவுகளையெல்லாம் எடுத்துப்போட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைக்கு மொத்தம் பன்னிரண்டு கட்டிடங்கள். பழைய முறைப்படி கட்டிடத்துக்கு ஒரு பிரதிநிதி, அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார். பெரிய சங்கம் ஒன்று எல்லாக் கட்டிடத்திலும் பாதிக்குச் சற்று மேலே வாக்கு வாங்கும். மன்றத்தில் பன்னிரண்டு இடமும் அதற்கே போகும். மீதிப் பாதிப் பேர் ஓட்டுப் போட்டதற்கு அடையாளம் விரலில் வைத்த மை மட்டும்தான். துப்புரவு ஊழியர்கள் கதை இன்னும் மோசம். கட்டிடத்துக்கு இருபது பேர் என்று பிரிந்து கிடந்ததால், எங்கேயும் அவர்களை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை.

மறுபடி தேர்தல் என்று எழுபத்தேழில் உத்தரவு வந்தவுடன் சாகேப் தன் திட்டத்தை எடுத்துவைத்தார். அருகருகே உள்ள மூன்று கட்டிடம் ஒரு வட்டம். வட்டத்துக்கு நான்கு உறுப்பினர். வாக்காளர் ஒரே ஒருவருக்குக் குத்த வேண்டியதில்லை, தன் விருப்ப வரிசையை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போடலாம். ஒருவருக்குத் தேவைக்கு மேல் வாக்கு விழுந்தால் உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவர் கழிந்தால் அவருடைய சீட்டுகளும் அடுத்தவருக்குப் போகும். ஆக, மூன்று கட்டிடத்தில் சிதறிக் கிடக்கும் சின்னக் கூட்டமும் ஒன்றுசேர்ந்தால் ஒருவரை அனுப்ப முடியும்.

இதை விளக்க டிசம்பர் வெயிலில் புல்வெளியில் கூட்டம் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். பாதிப் பேர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலையை வாக்காகவும் டீ கிளாஸை வேட்பாளராகவும் வைத்து சாகேப் பொறுமையாக எண்ணிக் காட்டினார். உபரி வாக்குகளை அடுத்த கிளாஸுக்கு மாற்றும் கட்டம் வந்தபோது அவற்றை ஒரு சூப்பரின்டென்டென்ட் தின்று முடித்திருந்தார்.

ஆனால் ஒரு ஆட்சேபம் மட்டும் நியாயமானது. "வட்டம் கிட்டம் எல்லாம் சரி. எங்கள் கட்டிடத்துக்கென்று ஒரு ஆள் வேண்டாமா? விசிறி நின்றால் பக்கத்துக் கட்டிடத்துக்காரனிடமா போய் நிற்பது?" என்றார்கள். சாகேப் ஒரு வாரம் யோசித்து விதி ஒன்றைச் சேர்த்தார். வட்டத்தின் ஒவ்வொரு கட்டிடத்திலிருந்தும் குறைந்தது ஒருவர் வந்தே தீர வேண்டும். ஏதாவது ஒரு கட்டிடம் விடுபட்டால், கடைசியாக ஜெயித்தவர், அவருடைய கட்டிடத்துக்கு வேறு உறுப்பினர் இருக்கும் பட்சத்தில், விலகிக்கொள்ள வேண்டும். விடுபட்ட கட்டிடத்தில் அதிக வாக்கு வாங்கியவர் அந்த இடத்துக்கு வருவார். எல்லோருக்கும் திருப்தி. அந்த விதியை ஸ்டென்சிலில் அடித்தது நான்தான். ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

வேட்புமனு கடைசி நாளில் எங்கள் அறை வாசலில் பூங்காவனம் வந்து நின்றார். எங்கள் மூன்றாம் கட்டிடத்தில் கூட்டித் துடைப்பவர், ஜங்புராவில் நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய தமிழ்க் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தார், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். இதில் முதல் விவரம் எனக்கு அன்று தெரியாது. தினமும் என் மேஜைக்கடியில் கூட்டிப் பெருக்கியது யார் என்று நான் பார்த்ததில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் வேலை முடித்துப் போயிருப்பார்கள்.

"ஏம்மா, இந்த மெம்பருக்கு நிக்கிறாங்களே, நானும் நிக்கலாமா?"

"நிக்கலாம். நீ எதுக்கு நிக்கணும்?" நான் அப்போது அவரை நீ என்றுதான் பேசினேன். அவரைவிட நான் இரண்டு வயது சின்னவள்.

"எங்க நாத்தனா போன தை மாசம் மூணாவது மாடிப் படில வாளியோட வுழுந்துட்டா. இடுப்பு எலும்பு வுட்டுப்போச்சு. இனிமே வேலைக்கு லாயக்கில்லன்னு ஊருக்கு அனுப்பிட்டாங்க. மேல கொழாயில காலைல தண்ணி ஏர்றதில்ல. கீழேர்ந்து நாலு மாடி தூக்கணும். அந்த லிப்டுல எங்கள ஏற வுட்டா போதும். வேற ஒண்ணும் வாணாம்மா."

மூன்றாம் கட்டிடத்து லிஃப்ட்டின் மேல் ஒரு பலகை இருந்தது. அதிகாரிகளுக்கும் பெண் ஊழியர்களுக்கும் மட்டும் என்று இரண்டு மொழியில் எழுதியிருக்கும். நான் பத்து வருடமாக அதில்தான் நாலாவது மாடிக்குப் போய்வந்தேன். பூங்காவனம் பெண் இல்லையா, ஊழியர் இல்லையா, இரண்டில் எது குறைகிறது என்று எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனுவை நானே நிரப்பினேன். 'பணிபுரியும் கட்டிடம்' என்ற இடத்தில் பேனா நின்றது. எதிரில் நிற்கும் மனுஷியைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸ்காரி மனுஷியைக் கேட்பாளா? வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பூங்காவனம், ஒன்றாம் கட்டிடம். அப்படியே எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தகராறு வாக்குப் போடுவதைப் பற்றி. எண் எழுதத் தெரியாதவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எப்படிப் போடுவார்கள்? கேம்ப்பில் தண்ணீர் லாரி வந்த நாளையெல்லாம் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார்களாம். அதேபோல் முதல் விருப்பத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு கோடு போட்டால் என்ன என்று பூங்காவனம் கேட்டார். கோடு எண் ஆகாது, அந்தச் சீட்டெல்லாம் செல்லாது என்று பெரிய சங்கம் எழுதிக் கொடுத்தது. சாகேப் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எந்த நாட்டு எண்ணாலும் போடலாம் என்றிருந்தது.

"ஒரு கோடு ரோமானிய ஒன்று. இரண்டு கோடு ரோமானிய இரண்டு" என்றார்.

"நான்கு கோடு? ரோமானிய நான்கு வேறு மாதிரி அல்லவா சார்?" என்றார் சங்கத்துக்காரர்.

சாகேப் சுவரிலிருந்த பழைய கடிகாரத்தைக் காட்டினார். அதில் நான்காம் மணிக்கு நான்கு கோடுதான் இருந்தது. "சர்க்கார் கடிகாரம் தப்பாக எழுதியிருக்கும் என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆட்சேபம் தள்ளுபடி ஆனது.

எண்ணிக்கை ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வட்டத்தில் செல்லும் சீட்டுகள் ஐந்நூற்று நான்கு. நான்கு இடத்துக்கு ஐந்தால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். அப்படியானால் நூற்றொன்று வாங்கியவர் ஜெயித்தவர். நான்கு இடத்துக்கு ஏன் ஐந்தால் வகுக்கிறீர்கள் என்று அன்று மட்டும் பதினேழு பேர் கேட்டார்கள். "நல்ல கேள்வி" என்று பதினேழு பேருக்கும் சாகேப் பதில் சொன்னார்.

முதல் சுற்றில் பெரிய சங்கத் தலைவர் தேவைக்கு மேல் வாங்கித் தேறிவிட்டார். அவர் ஒன்றாம் கட்டிடம். பூங்காவனத்துக்கு அறுபத்திரண்டு. மூன்றாம் கட்டிடத்திலிருந்து நின்ற கோதண்டராமனுக்கு எழுபத்தொன்று. இவர் கிட்வாய் நகரில் எங்கள் எதிர் வீட்டுக்காரர், அப்பர் டிவிஷன் கிளார்க், மன்றத்தில் இரண்டு முறை இருந்தவர். அதன் பிறகுதான் வேடிக்கை. கேன்டீன்காரர் கழிந்தார், அவருடைய சீட்டுகளைத் திருப்பினால் இரண்டு கோடு பூங்காவனத்துக்கு. காவலாளி கழிந்தார், அவருடைய சீட்டிலும் இரண்டு கோடு, மூன்று கோடு என்று பூங்காவனத்துக்கே போனது. சாகேப் சீட்டை எடுப்பார், பார்ப்பார், திருப்புவார், பார்ப்பார், தருவார். தாழ்வாரத்து ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பெண்கள் முக்காட்டோடு நின்று, எந்தக் கட்டு உயர்கிறது என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள். நடுவே இரண்டாம் கட்டிடத்துக்காரர்கள் இருவர் தேறிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைசிச் சுற்று முடிந்தது. கோதண்டராமன் எண்பத்து மூன்று. பூங்காவனம் தொண்ணூற்று இரண்டு. நூற்றொன்றை எட்டாவிட்டாலும், மிஞ்சிய இருவரில் முந்தியவர் என்பதால் நான்காவது இடம் அவருக்கு.

நான் பட்டியலை எடுத்துக்கொண்டு கட்டிடங்களைச் சரிபார்த்தேன். ஒன்றாம் கட்டிடத்துக்கு இருவர், தலைவரும் பூங்காவனமும். இரண்டாம் கட்டிடத்துக்கு இருவர். மூன்றாவதுக்கு யாருமில்லை. என் கையால் அடித்த விதி என் கண்ணெதிரே நின்றது. கடைசியாக ஜெயித்தவர் விலக வேண்டும், மூன்றாம் கட்டிடத்துக் கோதண்டராமன் வர வேண்டும். அப்படியே தற்காலிகப் பட்டியல் ஒட்டினோம். திங்கட்கிழமை மதியம் வரை ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

பூங்காவனம் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சனா, இல்லியாம்மா?"

"ஜெயிச்சிட்ட. ஆனா இடம் இல்ல. மூணாம் கட்டிடத்துக்கு ஆள் வேணும். உம் பேரு ஒண்ணாம் கட்டிடத்துலல்லா இருக்கு."

"யாரு சொன்னா? நான் மூணாவதுலதானே கூட்றேன், பதினோரு வருசமா? ஒன் மேசைய யாரு தொடைக்கிறா?"

விசாரித்தால், கட்டிடப் பராமரிப்பைக் கவனிக்கும் கேர்டேக்கரின் அறை இருப்பது ஒன்றாம் கட்டிடத்தில். மூன்று கட்டிடத்துத் துப்புரவு ஊழியர்களும் விடியற்காலையில் அங்கே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அவரவர் கட்டிடத்துக்குப் போவார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை அறுபது பேரும் ஒரே கட்டிடத்தைக் கூட்டுகிறார்கள். மற்ற இரண்டு கட்டிடமும் தானாகச் சுத்தமாகின்றன. இதை யாரும் ஒருநாளும் விசித்திரமாக நினைத்ததில்லை.

சாகேப்பிடம் போய் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் பென்சில்களை நேராக அடுக்கினார்.

"மிஸ் எஸ்தர், தயவுசெய்து உட்காருங்கள். அவர் மூன்றாம் கட்டிடம் என்பதற்குப் பேப்பர் இருக்கிறதா?"

"அவங்களே சொல்றாங்க சார்."

"அவர் பேப்பர் ஆக மாட்டாரே. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் ஒன்று கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பட்டியல் பட்டியல்தான்."

சனிக்கிழமை அரைநாள் முழுக்கத் தேடினேன். சம்பளப் பட்டியல், சீருடைப் பட்டியல், விடுப்புப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் ஒன்றாம் கட்டிடம். ஒரு பொய்யை இவ்வளவு ஒழுங்காக இத்தனை பேர் எழுதிவைத்திருந்தார்கள். கேர்டேக்கரைக் கேட்டால், "பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கோதண்டராமன் தன் தோட்டத்து முருங்கைக்காயில் ஒரு கட்டோடு வந்தார்.

"எஸ்தர் மேடம், ஏதோ பேப்பர் தேடறீங்கன்னு கேள்விப்பட்டேன். ரூலை நீங்கதானே டைப் பண்ணீங்க? அதுக்கு மேல என்ன இருக்கு?"

"தப்பா எழுதினதும் நான்தானே சார்."

"மன்றத்துல ஒரு தமிழ் ஆள் இருக்கணும். அதை யோசிங்க. நாமெல்லாம் வந்த ஊர்ல ஒத்துமையா இருக்க வேண்டாமா?"

"பூங்காவனமும் தமிழ்தானே சார்?"

"அது சரி. அது வேற." பிறகு குரலைத் தணித்து, "அவங்க லிஃப்ட் விஷயத்தை நானே எடுத்துப் பேசறேன். எனக்கு ரூல்ஸ் தெரியும், இங்கிலீஷ் தெரியும். அந்த அம்மா அங்க வந்து என்ன பேசும், சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு தடவை மெம்பரா இருந்தீங்களே சார். அப்ப பேசலியா?"

"சந்தர்ப்பம் அமையலை."

கெட்ட மனிதர் இல்லை. என் பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவர். அவர் சொன்னதை அவர் நம்பினார். அதனால்தான் எனக்கு அன்று அவ்வளவு கோபம் வந்தது. முருங்கைக்காயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாம்பார் நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை பதினொன்றரை. என்னிடம் ஒன்றுமில்லை. அறையில் சாகேப், கோதண்டராமன், கேர்டேக்கர், நான். கதவோரம் பூங்காவனம்.

"எந்தக் காகிதமாவது இருக்கா? எதுவானாலும் சரி" என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

அவர் தயங்கினார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ரேஷன் கார்டு, பிள்ளையின் மருந்துச் சீட்டு, அதற்கடியில் எட்டாக மடித்த ஒரு தாள்.

"இதான் இருக்கு. நல்ல காயிதம் இல்லம்மா. திட்டிக் குடுத்தது. எம் பேரு போட்டு ஆபீஸ்ல குடுத்தது இது ஒண்ணுதான், அதான் எடுத்து வச்சிருக்கன்."

பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு சாகேப்பிடம் நீட்டினேன். மூன்றாம் கட்டிடத்துத் துப்புரவு ஊழியர் பூங்காவனம், அக்கட்டிடத்தின் லிஃப்ட்டைத் தடையை மீறிப் பயன்படுத்தியதற்காக எச்சரிக்கப்படுகிறார். கீழே கேர்டேக்கரின் கையெழுத்து, ஆபீஸ் முத்திரை.

சாகேப் தாளை மூலையில் பிடித்து எடுத்தார். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். கேர்டேக்கரைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்: "தங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம் சாப்."

"இதில் எழுதியிருப்பது உண்மைதானே? பொய் எச்சரிக்கை கொடுத்திருக்க மாட்டீர்கள்."

கேர்டேக்கர் கோதண்டராமனைப் பார்த்தார். கோதண்டராமன் ஜன்னலைப் பார்த்தார். "உண்மைதான் சாப்" என்று கேர்டேக்கர் முனகினார்.

"நாற்பத்தேழில் நானும் படித்தவன் என்று காட்ட ஒரே ஒரு காகிதம்தான் என்னிடம் இருந்தது" என்றார் சாகேப், யாரையும் பார்க்காமல். "நூலகப் புத்தகத்தைத் திருப்பாததற்குக் கல்லூரி அனுப்பிய எச்சரிக்கை." அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு பென்சிலை எடுத்துப் பட்டியலில் 'ஒன்று' என்பதை அடித்து 'மூன்று' என்று எழுதினார். மூன்று கட்டிடத்துக்கும் ஆள் ஆயிற்று. யாரும் விலக வேண்டியதில்லை.

கோதண்டராமன் எழுந்து போகும்போது பூங்காவனத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மூன்று வாரத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வருடம் முருங்கை நன்றாகக் காய்த்தது என்று அவர் மனைவியிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதவும் பூங்காவனத்துக்கு மொழிபெயர்க்கவும் என்னை அனுப்பினார்கள். லிஃப்ட் விஷயம் கடைசியில் வந்தது. ஒரு மணி நேரம் பேசினார்கள். எல்லோருக்கும் அனுதாபம் இருந்தது. இப்படித் திறந்துவிட்டால் ஒழுங்கு என்னாவது என்ற கவலையும் இருந்தது. பூங்காவனம் ஒரே ஒரு தடவை பேசினார். "படில தண்ணி சிந்துது. சிந்துன தண்ணில வுழுறம். அவ்ளோதான் சாரு." நான் மொழிபெயர்த்தேன். அப்புறம் பெரிய சங்கத் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். துப்புரவு ஊழியர்களுக்குப் பொது அனுமதி இப்போதைக்கு இயலாது. ஆயினும் மன்ற உறுப்பினர் என்ற கௌரவத்தை முன்னிட்டு திருமதி பூங்காவனம் மட்டும் லிஃப்ட்டைப் பயன்படுத்தலாம். எல்லோரும் கை தட்டினார்கள். தாங்கள் பெரிய மனது பண்ணிவிட்டதாக ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

நான் தமிழில் சொன்னபோது எனக்கே நாக்கூசியது. "உங்களுக்கு மட்டும்தானாம்." நான் அவரை நீங்க என்று சொல்ல ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பூங்காவனம் கொஞ்சம் யோசித்தார். "நான் ஏறலாம்ல? எத்தினி வாட்டின்னாலும்?"

"ஏறலாம்."

"போட்டுக்கச் சொல்லும்மா" என்று குறிப்பேட்டில் கைநாட்டு வைத்தார்.

நான்கு நாள் கழித்து கேர்டேக்கர் எங்கள் அறைக்கு ஓடிவந்தார். லிஃப்ட் அதிகாரிகளுக்கு உதவவில்லை, தரையெல்லாம் ஈரம், உறுப்பினர் அம்மாள் அதிலிருந்து இறங்குவதே இல்லை என்று புலம்பினார். தீர்மானத்தில் வாளியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று சாகேப் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்படியானால் நாளைக் காலை நேரில் பார்த்து எழுதிக் கொடுங்கள், மிஸ் எஸ்தர்" என்றார்.

மறுநாள் ஏழரை மணிக்கெல்லாம் போய் நின்றேன். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கீழ்க்குழாயடியில் பெண்கள் வரிசையாகத் தண்ணீர் பிடித்து, வாளிகளை லிஃப்ட் வாசலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே மன்ற உறுப்பினர் நின்றிருந்தார். லிஃப்ட்காரரும் அவரும் வாளிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து அடுக்கினார்கள். ஒன்பது வரை எண்ணினேன். பழக்கதோஷத்தில் நானும் உள்ளே காலெடுத்து வைக்கப் போனேன்.

"எடம் இல்லம்மா" என்றார் பூங்காவனம். "நீ படில வா."

கதவு மூடிக்கொண்டது. பெண்கள் பேசிச் சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனார்கள். பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினேன். இரண்டாவது மாடி வருவதற்குள் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் கையில் ஒரு டிபன் டப்பாவைத் தவிர எதுவுமில்லை.